தப்பு வந்தால் தாளைக் கிழிக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஐந்தாம் வகுப்புக் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவான். யார் வீட்டுக்கு வந்தாலும் அவன் தாத்தா கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். 10 வயது மகளிடம், "தம்பியைப் பார்த்துக் கத்துக்கோ" என்பார். இப்போதெல்லாம் ஒரு கணக்கு தப்பானாலே தாளைக் கிழித்துவிட்டு அழுகிறான். டபுள் புரமோஷன் கேட்கலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் பயத்தில்தான் கிழிக்கிறான், அம்மா. நாலு பேர் முன்னால் 17ஆம் வாய்ப்பாடு சொல்லி 'மூளைக்காரன்' என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு, ஒரு தப்புக் கணக்கு வந்தால் அந்தப் பேரே போய்விடுமோ என்று தோன்றும். 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 'நீ புத்திசாலி' என்ற பாராட்டைக் கேட்டவர்கள், கடினமான புதிரில் தோற்ற பிறகு முன்பு போட்ட அளவுக்குக்கூடப் போடவில்லை. உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்களோ முன்னைவிட நன்றாகப் போட்டார்கள். நீங்களும் அவன் செய்ததைப் பற்றிப் பேசுங்கள். "முதல்ல பத்துகளைக் கூட்டினியே, ஏன்?" என்று கேளுங்கள்.

கணக்கில் 10 வயது என்றாலும், பென்சில் பிடிக்கும் விரலுக்கும் அழுகைக்கும் 7 வயதுதான். விடை முந்திக்கொள்ளும், கை பின்தங்கும். ரப்பரால் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தாலும் கிழிக்கத் தோன்றும். கொஞ்ச நாள் சிலேட்டு கொடுங்கள், துடைத்தால் தடம் தெரியாது.

தாத்தாவை நிறுத்தச் சொன்னால் மனசு நோகும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள்: தினம் 20 நிமிடம் பேரனோடு ஆடுபுலி ஆட்டம், 3 புலி, 15 ஆடு. விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம். தாத்தா தோற்றால், "இந்த ஆட்டை இங்க வெச்சது என் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பெரியவர் தப்பை ஒத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்குவதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவள்மேல்தான் கவலை அதிகம். அந்த ஒப்பீடு இன்றோடு நிற்கட்டும். தம்பி பக்கத்தில் இல்லாமல் தினம் 15 நிமிடம் அவளோடு மட்டும் இருங்கள், படிப்புப் பேச்சே வேண்டாம். அக்கா விலகிப் போனால், வீட்டில் அவனுக்கு இருக்கிற ஒரே விளையாட்டுத் துணையும் போய்விடும்.

டபுள் புரமோஷன் இந்த ஆண்டு வேண்டாம். கணக்கு வகுப்புக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அழுகை அடங்கிய பிறகு, அவன் எழுதும் வேகம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு சேர்கிறான், அவனுக்கே விருப்பமா என்ற மூன்றையும் பார்த்து முடிவெடுக்கலாம். பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி என்பதோ, தூக்கம் கெடுவதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.