கேள்வி–பதில்: நான்காக வெட்டப்பட்ட வார இதழ்

கே: அமெரிக்காவின் ‘சாட்டர்டே ரிவ்யூ’ ஆறரை லட்சம் பிரதி விற்றதாமே? பிறகு ஏன் நின்றுபோனது? (வாசகர், திண்டுக்கல்)

ப: நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே கெடுத்துவிட்டார்கள். 1924 ஆகஸ்டில் ஹென்றி சைடல் கேன்பி நியூயார்க்கில் தொடங்கியபோது இது புத்தக விமர்சன இதழ். பெயரே ‘சாட்டர்டே ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்’. நார்மன் கசின்ஸ் ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது விற்பனை சுமார் 20,000. இசைத்தட்டு, பயணம், கல்வி, அறிவியல் என எல்லாவற்றையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1952-ல் பெயரிலிருந்து ‘லிட்ரேச்சர்’ கழன்றது. ஆறரை லட்சம் என்பது அவர் வளர்த்த கணக்கு.

1971-ல் இதழ், ‘சைக்காலஜி டுடே’ என்ற உளவியல் இதழை வெற்றிகரமாக நடத்திய நிக்கோலஸ் சார்னி, ஜான் வெரோனிஸ் கைக்குப் போனது. திட்டம் பிடிக்காமல் கசின்ஸ் விலகினார். புதியவர்கள் வார இதழைக் கலை, கல்வி, அறிவியல், சமூகம் என்று நான்கு மாத இதழ்களாக்கி, வாரத்துக்கு ஒன்றாக முறைவைத்து வெளியிட்டார்கள். அலுவலகமும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறியது. செலவு ஏறியது சரி, வாசகரை யோசித்தார்களா? ஒரே இதழில் விமர்சனம், கவிதை, புதிர் எல்லாம் படித்துப் பழகியவருக்கு இந்த வாரம் கல்வி மட்டும், அடுத்த வாரம் அறிவியல் மட்டும்! 1973-ல் திவால். கசின்ஸ் திரும்பி வந்து, தான் தொடங்கியிருந்த ‘வேர்ல்ட்’ இதழோடு இதைச் சேர்த்து நடத்தினார். அதன்பிறகு கைமாறிக் கைமாறி, 1982-ல் நின்று, மறுபடி முளைத்து, 1986-ல் ஓய்ந்தது.

கே: அதில் வந்த ‘டபுள் கிராஸ்டிக்’ குறுக்கெழுத்துப் புதிர்தானா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: இல்லை. 1934-ல் எலிசபெத் கிங்ஸ்லி உருவாக்கியது. குறிப்புக்கு விடை கண்டுபிடித்ததும், அதன் ஒவ்வொரு எழுத்தின் கீழும் உள்ள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணிட்ட கட்டத்தில் எழுதவேண்டும். கட்டங்கள் நிரம்பினால் இடமிருந்து வலமாக ஒரு மேற்கோள் கிடைக்கும். விடைகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் அதன் ஆசிரியரும் நூலும். முதல் புதிரில் ஒளிந்திருந்தவை ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் வரிகள்.

குறுக்கெழுத்துப் பழக்கத்தில் கட்டங்களையும் மேலிருந்து கீழே படித்தால் ஒன்றும் புரியாது. சொல் வரியோரத்தில் முடிவதில்லை, கறுப்புக் கட்டத்தில்தான் முடியும். அதுவரை அடுத்த வரியிலும் தொடரும். திணறினால் மூன்றெழுத்து இடங்களில் ‘தி’, ‘அண்ட்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பார்த்து, அந்த எழுத்துகளைக் குறிப்புகளுக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். பாதிப் புதிர் அப்படித்தான் உடையும்.

கே: எஸ்ரா பவுண்டுக்கு எதிராக இந்த இதழ் எழுதியது ஏன்? (வாசகர், மதுரை)

ப: இரண்டாம் உலகப்போரின்போது முசோலினி ஆதரவு வானொலி உரைகளுக்காகத் தேசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளான அமெரிக்கக் கவிஞர் பவுண்டு. 1949-ல் அவருக்கு பொலிங்கன் கவிதைப் பரிசு கிடைத்ததும் கவிஞர் ராபர்ட் ஹில்யர் இதில் காட்டமாக எழுதினார். பரிசை வழங்கும் பொறுப்பு அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்திடமிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பவுண்டின் அரசியலைக் கண்டித்தது நியாயம். அந்தச் சாக்கில் நவீன கவிதை முழுவதையும் சாடியது அதிகம்.

கே: பழைய இதழ்களை நூலகத்தில் எப்படித் தேடுவது? (ஆய்வு மாணவி, கோவை)

ப: 1951 வரை பழைய நீளப் பெயரிலும், அதன் பிறகு ‘சாட்டர்டே ரிவ்யூ’ என்றும் தேடுங்கள். 1972–73-க்கு நான்கு இதழ்களையும் தனித்தனியாகப் பாருங்கள். கசின்ஸ் மீட்டபின் ‘சாட்டர்டே ரிவ்யூ/வேர்ல்ட்’. லண்டனில் 1855-ல் தொடங்கிய இன்னொரு ‘சாட்டர்டே ரிவ்யூ’ உண்டு. பட்டியலில் வெளியீட்டு ஊரைப் பார்க்காமல் தொகுதி எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்தால் அதை எடுத்து நீட்டிவிடுவார்கள்.