நாட்கூலி, பணிக்கொடை, பணிநீக்கம்: வன்னி முதலாளிமாரின் கேள்விகளுக்குப் பதில்

அரிசி ஆலை, பரந்தன்: எங்கட மில்லில ஒன்பது பேர் நிரந்தரம். காலபோக அறுவடைக்கு மூட்டை தூக்க இன்னும் பத்துப் பேர் நாட்கூலிக்கு வருவினம். அவைக்கும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டோணுமோ ஐயா?

கட்டத்தான் வேண்டும், முதல் நாளிலிருந்தே. மூட்டைக் கணக்கில் காசு கொடுத்தாலும் அப்படித்தான். ஊழியர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் உங்கள் தலையில். 30,000 ரூபா சம்பளமென்றால் அவர் கைக்கு 27,600, உங்களுக்குச் செலவு 34,500. ஈ.பி.எப். பணம் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம். பலர் சறுக்குவது வேறிடத்தில்: சம்பளம் கொடுக்கும்போது 8 வீதத்தைக் கழிக்க மறந்தால், பிறகு அதைத் தொழிலாளியிடம் கேட்கமுடியாது. 20 வீதமும் உங்கள் பையிலிருந்துதான்.

அதே ஆலை: ஆறு வருசம் நிண்ட மிசின்காரர் விலகிறார். பதினைஞ்சு பேருக்குக் குறைவெண்டால் பணிக்கொடை (விலகேக்க சேவைக்காலத்துக்குக் குடுக்கிற காசு) இல்லைத்தானே?

அவர் விலகும் நாளில் எத்தனை பேர் என்பதல்ல கேள்வி. அதற்கு முந்திய 12 மாதத்தில் எந்த ஒரு நாளிலாவது 15 பேர் வேலை செய்தார்களா என்றுதான் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் பார்க்கிறது. மாசியில் ஒன்பதும் பத்தும் பத்தொன்பது. உங்கள் வரவு இடாப்பையே எதிர்த்தரப்பு நீட்டும். கடைசி மாதச் சம்பளத்தில் பாதியை வருடத்தால் பெருக்குங்கள்: 40,000 என்றால் 120,000. 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். உண்மையிலேயே 15 பேர் இல்லாவிட்டாலும், தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபையில் அவர் பணிக்கொடை கேட்கலாம்.

மருந்துக்கடை, புதுக்குடியிருப்பு: மூண்டாவது பிள்ளைக்கும் 84 நாள் பிரசவ லீவோ?

ஓம். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. வாராந்த விடுமுறையும் போயா நாளும் அந்த 84க்குள் சேராது.

ஹார்ட்வெயார் கடை, வவுனியா: காசாளர் பில்லில கை வைச்சிட்டார். அண்டைக்கே நிப்பாட்டினேன். இனி ஏதும் செய்யோணுமோ?

வாயால் நிறுத்தியதுதான் பிழை. காசாளரை இடைநிறுத்தி, எந்தத் திகதி, எந்தப் பில், எவ்வளவு காசு என்று எழுதி விளக்கம் கேட்டிருக்கவேண்டும். “நம்பிக்கைத் துரோகம்” என்று மொட்டையாக எழுதிய குற்றப்பத்திரம் நிற்பது கடினம். பதில் திருப்தியில்லையென்றால் உள்ளக விசாரணை. அதை நீங்களே நடத்தாமல், சம்பவத்தோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு நடத்துங்கள். கடந்த ஆறு மாதத்தில் சராசரி 15 பேர் இருந்தால், ஒழுக்காற்று நீக்கத்தின் காரணத்தை அடுத்த இரண்டு வேலைநாளுக்குள் எழுத்தில் கொடுப்பது கட்டாயம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் போடுங்கள்.

இளம் சட்டத்தரணி, முல்லைத்தீவு: வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட என் கட்சிக்காரர் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்துவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறார். நாமும் காத்திருக்கலாமா?

வேண்டாம். நியாய சபைக்குப் போக, வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதம்தான். முறைப்பாட்டை நம்பி அந்தக் கெடுவை விடாதீர்கள். விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்யுங்கள். நியமனக் கடிதம் இல்லாத கட்சிக்காரரென்றால் சம்பளச் சிட்டை, வங்கிக் கணக்குப் பதிவு, வட்ஸ்அப்பில் வந்த வேலைக் கட்டளைகள் எல்லாவற்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். ஃபோன் மாறினால் அவையும் போய்விடும்.