பொண்ணு ஜியாலஜிதான் படிப்பேன்னு நிக்குறா, விடலாமா?

வணக்கம்மா, உங்க மெசேஜ் படிச்சேன். கல்லைத் தட்டிப் பாக்குற படிப்புக்கு எவன் வேலை குடுப்பான்னு உங்க வீட்டுக்காரர் கேக்குறது நியாயமான பயம்தான், ஆனா பாப்பா கேட்ட கேள்வி அதில்லையே, 2015ல நேபாளம் அப்படி ஆடுச்சே, சென்னை ஏன் ஆடலன்னு கேட்டிருக்கா. நல்ல கேள்வி.

பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய பாறைத் துண்டுங்களா இருக்கு, அதைத்தான் தட்டுன்னு சொல்வாங்க. நம்ம இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடக்க நகந்துகிட்டே இருக்கு, சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி யூரேசியத் தட்டுல போய் முட்டுச்சு, கண்டப் பாறை லேசுங்கறதால சுலபமா கீழ அமுங்காம மடிஞ்சு உடைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறினதுதான் இமயமலை, அந்த முட்டல் இன்னும் நிக்கல. பாறைங்க பூட்டிக்கிட்டு அழுத்தத்தை வருஷக்கணக்கா சேத்து வெச்சு திடீர்னு வழுக்கும், அதான் நேபாளத்துல வந்த 7.8 அளவு பூகம்பம், கிட்டத்தட்ட 9000 பேர் போயிட்டாங்க. சென்னை தட்டோட ஓரத்துலருந்து தள்ளி இருக்கு, அதனால ரிஸ்க் கம்மி, சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது. அந்தமான் பக்கம் கதையே வேற, கடல் தட்டு கீழ சொருகுது, அதுலருந்து வெளிவர்ற தண்ணி மேல இருக்குற சூடான பாறையோட உருகுநிலையைக் குறைக்குது, உருகினது மேல வந்தா பாரன் தீவு எரிமலை. 2004ல நாகப்பட்டினத்தை அடிச்ச சுனாமியும் இதே சொருகல் வரிசையில சுமத்ரா பக்கம் கிளம்பினதுதான்.

இதுல எது அவளுக்குப் பிடிக்குதுன்னு கேளுங்க. மலை, பாறை, கேம்ப்னா பி.எஸ்சி ஜியாலஜி. அதிர்வலை, கணக்குன்னா பிசிக்ஸ் முடிச்சு எம்.எஸ்சி ஜியோபிசிக்ஸ். கட்டடம் இடியாம நிக்கணும்னா சிவில், அப்புறம் ரூர்க்கி ஐஐடியில பூகம்பப் பொறியியல் எம்.டெக்.

வெறும் பி.எஸ்சியோட நிறுத்தினா வேலை கஷ்டம், ஓப்பனா சொல்லிடறேன், எம்.எஸ்சியும் சேத்து அஞ்சு வருஷத்துக்கு மனசளவுல ரெடியாகுங்க. எம்.எஸ்சி இருந்தா யுபிஎஸ்சி நடத்துற ஜியோ-சயின்டிஸ்ட் பரீட்சை எழுதி ஜிஎஸ்ஐக்கு, அதாவது மத்திய அரசோட புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம், சுனாமி எச்சரிக்கை குடுக்குற ஹைதராபாத் இன்காய்ஸ் மாதிரி ஆராய்ச்சி இடங்களும் இருக்கு, தனியார்ல எண்ணெய், நிலத்தடி நீர், டனல் வேலைன்னு கிடைக்கும். ஐடி மாதிரி காலேஜ் முடிக்கும்போதே கையில ஆஃபர் லெட்டர்னு எதிர்பாக்காதீங்க. மாசக்கணக்குல ஃபீல்டுல தங்க வேண்டி வரலாம், பொண்ணுங்க நிறைய பேர் போறாங்க, அதுக்காகத் தடுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதவே இல்ல, ப்ளஸ் டூவுல மேக்ஸ் இருக்கா? இல்லன்னா ஜியோபிசிக்ஸ் பக்கம் போறது கஷ்டம், ஜியாலஜிக்கு பெரும்பாலும் பிரச்சனை இல்ல, ஆனா காலேஜுக்குக் காலேஜ் மாறும், அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.