ஸ்டீமர் லேன் அலைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்டீமர் லேன், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் இருக்கும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) இடம்.

இரண்டு சனிக்கிழமையும் முன்னறிவிப்பில் அலை உயரம் ஆறடிதான். முதல் வாரம் குளம் மாதிரி கிடந்தது, அடுத்த வாரம் ஆளை அடித்துத் துவைத்துவிட்டது. ஏன்?

உயரத்துக்குப் பக்கத்தில் நொடிக்கணக்கில் ஓர் எண் இருக்குமே, பார்த்தீர்களா? ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அது. ஆழ்கடலில் 8 நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 16 நொடி அலைக்கு 400. நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறைந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படும். அப்படியென்றால் 16 நொடி அலை 200 மீட்டர் ஆழத்திலேயே வளையத் தொடங்கிவிடுகிறது. சாண்டா குரூஸில் இதுதான் முக்கியம். லேன் தெற்கு பார்த்த இடம். குளிர்கால அலைகளோ வடமேற்கிலிருந்து வருபவை. நீள அலை முனையைச் சுற்றி உள்ளே வரும், பாறைத்திட்டில் ஏறும்போது கூடுதலாகவும் எழும்பும். குட்டை அலையில் பெரும்பகுதி நேரே தாண்டிப் போய்விடும். வடமேற்கு அலை 12 நொடிக்குக் கீழே என்றால் நான் இன்னொரு காபி போட்டுக்கொள்வேன்.

கடல் ஏற்றத்தில் போவதா, வற்றத்தில் போவதா?

வற்றத்துக்குப் பக்கமாக. நல்ல ஏற்றத்தில் அலை கொழகொழவென்று உடையும். போதாக்குறைக்கு, செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் தண்ணீர் அடுத்த அலையையும் கெடுக்கும். ரொம்பவும் வற்றினால் பாறையும் கெல்ப் பாசியும் தலைகாட்டும், கவனம்.

மதியக் காற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடுமே?

வடமேற்குக் காற்று இங்கே கரைப்பக்கமிருந்து வருவதால் பெரிதாகக் கெடுக்காது. மழைக்கு முன்னால் தெற்குக் காற்று கிளம்பினால் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து வருகிறேன், கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம். இறங்கலாமா?

வேண்டாம். கலங்கரை விளக்கப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றால் காலடியிலேயே 'ஸ்லாட்' என்ற, பாறையை ஒட்டிய அலை உடையும். அலை பிடித்தவர் பாறைக்கு எவ்வளவு ஒட்டிப் போகிறார், முனைக்கு நெருக்கமாக இருப்பவருக்கு மற்றவர்கள் எப்படி வழிவிடுகிறார்கள் என்று பாருங்கள். பார்த்த பிறகு, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கவல்ஸ் கடற்கரைக்குப் போங்கள். வற்றத்தில் அங்கே அலை நீளமாகவும் சாதுவாகவும் ஓடும். குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் 4/3 மில்லிமீட்டர் (உடம்பில் 4, கை கால்களில் 3) தடிமனில் வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான்.

நீர்நாய் சர்ஃப் போர்டைப் பிடுங்கியது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 2023 கோடையில் 841 என்ற எண்ணிட்ட பெண் கடல் நீர்நாய் இந்தப் பக்கம் பல போர்டுகளில் ஏறி உட்கார்ந்து கடித்துக் குதறியது. இன்னொன்று அப்படி வந்தால் இழுபறி வேண்டாம். சிப்பி ஓட்டை நொறுக்கும் பல் அது. சட்டப் பாதுகாப்பு வேறு இருக்கிறது.