மைக் அப்புறம், முதலில் ஒப்புதல் தாள்

தம்பி, நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் இசைத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, சுற்றுவட்டாரத் தோட்டங்களின் உறுமி மேளம்தான் ஆய்வுப் பொருள். அறை எப்படி, சாப்பாடு எப்படி, இங்குள்ள தமிழர்கள் பழகுவார்களா, மேற்பார்வையாளர் சொல்வதுபோலப் பதிவுகளையும் நிரலையும் எல்லாருக்கும் திறந்து வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்கிறீர்கள்.

முதல் இரண்டும் வந்து இறங்கினால் தானாகத் தெரியும். 1922 முதல் ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர் போன ஊர் இது, மாணவர்களுக்கு அறை விடப் பழகியது. சோறு கிடைக்கும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு நாக்கு சீக்கிரம் மசிந்துவிடும், கோலாலம்பூர் போகக் கொமூட்டர் ரயில் இருக்கிறது. ஊர் பிளக் இங்கே ஏறாது, மூன்று தட்டை முள் உள்ளது வேண்டும். விசா வேலை பல்கலைக்கழகம் மூலமாக வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். அமைப்பின் வழியே நடக்கும். வந்த கையோடு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நாலாவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

திருட்டுப் பயம் புதிதாக வரும் எல்லாருக்கும் உண்டு. இந்தத் துறையில் திருட்டைவிட அதிகம் நடப்பது வீணாகப் போவது. பதிவு இருக்கும், வெளியிட அனுமதி இருக்காது. அனுமதி இருக்கும், எந்தக் கோப்பு எந்தக் குழுவினுடையது என்று எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டும் இருந்தால் கோப்புகள் மாணவர் கணக்கில் கிடக்கும். பட்டம் வாங்கி வெளியேறியதும் கணக்கை மூடுவார்கள், கட்டுரையில் கொடுத்த இணைப்பு செத்துப்போகும். 'வேண்டுவோர் கேட்டால் தரவு தரப்படும்' என்று கட்டுரையின் அடியில் எழுதிவிட்டு, கேட்டால் பதிலே போடாத மேதாவிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எனவே மைக், ரெக்கார்டர் எதையும் இப்போது விலை விசாரிக்க வேண்டாம். முதலில் ஒப்புதல் தாள். மனிதர்களைப் பதிவு செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதுவும் முதல் பதிவுக்கு முன்னால். எடுத்த பிறகு போய் நின்றால் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். அதற்கான படிவங்கள் பெரும்பாலும் மருத்துவ ஆய்வை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மாதிரித் தாளில் 'தரவை ஆய்வாளர் மட்டுமே பார்ப்பார், இத்தனை ஆண்டுக்குப் பின் அழிக்கப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அவசரத்தில் அதை அப்படியே நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கினால் கதை முடிந்தது. மூன்று வருடம் கழித்து வெளியிட நினைக்கும்போது, நீங்களே எழுதிக்கொடுத்த வாக்கு குறுக்கே நிற்கும். அந்த வரியை முதலிலேயே அடித்துவிட்டு, எங்கே, எந்த உரிமத்தில், எவ்வளவு காலம் வைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

தாள் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் சுருட்டாதீர்கள். பதிவு செய்யலாமா, ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, முழு ஒலியையும் வெளியிடலாமா, முப்பது விநாடித் துண்டு மட்டும் போதுமா, வியாபாரத்துக்கு எடுக்கலாமா, செயற்கை நுண்ணறிவைப் பழக்க எடுக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் போடுங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். ஆய்வு நூல்களில் பெயரை மறைப்பதுதான் வழக்கம், ஆனால் மேளக்காரர் பலருக்குத் தம் பெயர் வர வேண்டும். அதை மறைத்தால் பாதுகாத்ததாக ஆகாது, உழைப்பை அழித்ததாகத்தான் ஆகும். குழுக்களில் பள்ளிக்கூடப் பையன்கள் நிறைய வாசிப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அருள் வந்து ஆடுகிறவரைப் படம் பிடிக்காதீர்கள். அந்த நிலையில் அவரால் சம்மதம் சொல்ல முடியாது, மறுநாள் கேட்டு வாங்கினாலும் குடும்பம் சங்கடப்படும். கோயில் நிர்வாகத்திடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். குழுத்தலைவர் சரி என்றால் கோயிலும் சரி என்று அர்த்தமில்லை.

இன்னொரு பொறி: உறுமிக் குழுக்கள் சினிமா மெட்டைத் தாராளமாக வாசிக்கும். வாசிப்பின் உரிமை அவர்களுடையது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோருக்கும் உரிமை உண்டு. மெட்டின் உரிமை வேறொருவரிடம் இருக்கும், அதை அவர்கள் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆகவே ஊர்வலப் பதிவு ஒருபக்கம் இருக்கட்டும், பாட்டில்லாமல் அடிகளை மட்டும் தனியாக ஒருநாள் வாசிக்கச் சொல்லி எடுங்கள். வெளியிடத் தோதானது அதுதான். உரிமத்துக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் போதும், ஆனால் ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது என்பதைக் குழுவுக்குப் புரியும்படி வாயால் சொல்லுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் வரை விலகலாம், அதற்குப் பின் முடியாது என்று தாளிலும் எழுதுங்கள்.

பதிவுக்கு வருவோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. அதற்கு மேலே போனால் வட்டு நிறையுமே தவிர வேறு பயனில்லை. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். ஒத்திகையில் வைத்த அளவை நம்பாதீர்கள், சாமி புறப்படும்போது அடி இரண்டு மடங்கு ஏறும். மிகப் பெரிய சத்தத்தையும் வெட்டாமல் பதியும் 32 பிட் மிதவைப் பதிவுக் கருவி இருந்தால் கவலையில்லை என்பார்கள். மைக்கே தாங்காமல் கிழித்த ஒலியை எந்தக் கருவியும் மீட்காது. மைக்கின் உச்ச ஒலி அழுத்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தாழ் அதிர்வை வெட்டும் பொத்தானை அணைத்து வையுங்கள். வளைந்த குச்சியை உரசும்போது எழும் உறுமியின் முனகல் கீழேதான் இருக்கிறது, அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் தட்டல். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைய பதிவை மூட்டை கட்டிவிடலாம். இங்கே மதியத்துக்கு மேல் மழை சகஜம், காலையிலேயே எடுங்கள். கண்டன்சர் மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் ஈரப்பதம் ஏறி, பொரிகிற மாதிரி சத்தம் போடும்.

நான்கு மைக்கில் ஒரு மணி நேரம் எடுத்தால் ஏறக்குறைய 2 ஜிபி. வெளியிடும்போது ஃபிளாக் (FLAC) கோப்பாக மாற்றுங்கள், ஒலி குறையாது, அளவு குறையும். சேர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஒரு தொகுப்புக்கு 50 ஜிபி வரை இலவசம், மேற்கோள் காட்ட நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணும் கிடைக்கும், திருத்தினால் பதிப்பு எண்ணும் மாறும். கூடவே ஓர் அட்டவணை வேண்டும்: குழு, இடம், தேதி, கருவிகள், மைக் எங்கே வைத்தது, எந்தக் கட்டத்தில் சம்மதம். பதிவு செய்த அன்று இரவே எழுதுங்கள். மறுவாரம் எழுதினால் அது கற்பனைதான்.

நிரல் பக்கம் இரண்டு இடத்தில் எல்லாரும் வழுக்குவார்கள். ஒலியை ஆராயும் பைத்தான் நிரல்தொகுப்பான லிப்ரோசாவில் கோப்பைச் சும்மா திறந்தால் அது 22,050 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரே தடமாகக் கலந்து கொடுக்கும். உங்கள் நான்கு மைக் உழைப்பும் அங்கேயே போச்சு. மாதிரி வீதத்தையும் தடங்களையும் அப்படியே வை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாளம் கண்டுபிடிக்கும் பகுதியும் நிமிடத்துக்கு 120 அடி என்ற ஊகத்தில் தொடங்கும். உறுமியின் வேகத்தைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். 2023இல் வந்த 0.10 பதிப்புக்குப் பின் பழைய நிரல்கள் பல ஓடுவதில்லை, ஆகவே எந்தப் பதிப்பில் ஓடியது என்று எழுதி வைக்காத நிரலைத் திறந்து வைத்தும் புண்ணியமில்லை.

இரண்டாவது வழுக்கல் இன்னும் மோசம். கணினிக்குத் தாளம் கற்பிக்கும்போது, ஒரே குழுவின் பதிவுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் துல்லியம் கூரையைத் தொடும். கணினி தாளத்தைக் கற்றிருக்காது, அந்தக் குழுவின் தோலையும் அந்த மைக்கையும் கற்றிருக்கும். குழுவாரியாகப் பிரியுங்கள், எண் இறங்கும், இறங்கட்டும். கணினிக்கு இசை வகைகளைப் பிரிக்கக் கற்பிக்க, 2002இல் வந்த ஜிடிசான் என்ற தொகுப்பை உலகமே பயன்படுத்தியது: ஆயிரம் துண்டு, பத்து வகை. பத்து வருடம் கழித்துத்தான் பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து கேட்டு, ஒரே பாட்டு திரும்ப வருவதையும் வகை மாற்றிக் குறித்திருப்பதையும் பட்டியலிட்டார். தொகுப்பு பகிரப்பட்டிருந்ததால்தான் குற்றம் வெளியே வந்தது. 'யாராவது தப்புக் கண்டுபிடித்துவிட்டால்?' என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கண்டுபிடிக்கட்டும், அதற்குத்தான் திறப்பது.

கட்டுரை விஷயம் சுருக்கமாக. ஸ்கோப்பஸ், ஸ்கோப்பஸ் என்று, அந்த ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில்தான் போட வேண்டும் என நச்சரிப்பு இருக்கும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் இதழ் எதுவும் வேண்டாம். கணினிவழி இசை ஆய்வுக்கான இஸ்மிர் (ISMIR) மாநாட்டுக் கட்டுரைகள் எல்லாருக்கும் இலவசம், அந்தச் சங்கமே 2018 முதல் டிஸ்மிர் என்ற திறந்த இதழையும் நடத்துகிறது. உங்கள் துறைக்கு வாசகர்கள் அங்கேதான். மூடிய இதழில் போட நேர்ந்தால், ஏற்கப்பட்ட கைப்பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க அனுமதி உண்டா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள்.

இனி மூன்றாவது கேள்வி, பழகுவார்களா. பழகுவார்கள், நாம்தான் பழகுவதில்லை. ஊரிலிருந்து வரும் நம்மவர்களில் ஒரு ரகம் உண்டு: தோட்டத்துப் பேச்சைக் கேட்டு வாய்க்குள் சிரிப்பது, உறுமியைச் 'சத்தம்' என்பது, தமக்குள் ஒரு வாட்ஸாப் குழு வைத்துக்கொண்டு வாடகைக்கும் வேலைக்கும் மட்டும் பேசுவது, மலாய் நாலு வார்த்தை கற்காமல் நாலு வருடம் ஓட்டுவது. அந்த ரகத்துக்குக் கர்நாடக இசைத் தொகுப்பு ஒன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது, பார்சிலோனாவில் சாவியர் செர்ரா தலைமையில் நடந்த காம்ப்மியூசிக் திட்டத்தின் தயவில். உட்கார்ந்த இடத்திலேயே பட்டம் வாங்கலாம். இந்த மேளத்துக்கு யார் செய்வது? குழுவினர் முன்னால் நானொரு ஆய்வாளர் என்று நிற்காதீர்கள். முதல் தடவை கருவியே கொண்டுபோகாமல் போங்கள், பூசை முடியும்வரை இருங்கள், அன்னதானத்தில் இலை போடுங்கள். பதிவு எடுத்தால் முதல் பிரதி அவர்கள் கைக்குத்தான், பென்டிரைவில், திறக்கத் தெரிந்த எம்பி3 ஆக. 'வெளியூர்க்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார், ஒன்றும் திரும்ப வரவில்லை' என்ற பேச்சு இந்தப் பக்கம் எங்கும் உண்டு, நீங்கள் அதற்கு இன்னொரு உதாரணம் ஆக வேண்டாம்.

அப்படிப் பழகினால்தான் கேசட்டுகள் வெளியே வரும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகளை விட்டுச் சனங்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது எவ்வளவோ தொலைந்தது. ஆனாலும் தோட்டத்துத் திருவிழாவை டேப்ரிக்கார்டரில் பிடித்த கேசட்டைச் சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்தக் காலத்துத் தவில், நாயனம், கரகத்துக்கு அடித்த அடி, இடையே தோட்டத்துக் கணக்கரான கிராணி மைக்கில் நன்கொடைப் பட்டியல் வாசிப்பது, எல்லாம் அதில் இருக்கும். கிடைத்தால் உடனே ஓட்டாதீர்கள். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள், ஓட்டினால் டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்றதை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றி இறுக்கம் தளர்த்துங்கள். டெக்கின் தலைக் கோணத்தைச் சிறு திருகால் ஒவ்வொரு கேசட்டுக்கும் திருப்பி, ஜாலராவின் கணீர் எங்கே அதிகமோ அங்கே நிறுத்துங்கள். டெக்கின் இரைச்சல் குறைப்பு வசதியான டால்பியை அணைத்து 24 பிட்டில் ஏற்றுங்கள், இரைச்சல் நீக்கும் வேலை பிரதியில் மட்டும். உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், தேதியும் தோட்டத்துப் பெயரும் அங்கேதான் பேனாவில் இருக்கும். கேசட்டை அன்றே உரியவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.