எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு க்ளெய்ம் மறுப்பு: ‘பாலிசியில் விலக்கு’ என்று சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று வகை மாத்திரை போட்டும் எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 9.1-லேயே நிற்கிறது. மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடிவதில்லை, இரவில் பலத்த குறட்டை. டாக்டர் இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். நான்கு வருடத்துக்கு மேலாகக் குடும்ப பாலிசி கட்டிவருகிறோம். சர்க்கரை இருப்பதைச் சொல்லித்தான் எடுத்தோம். 3 லட்சமாக இருந்த காப்பீட்டுத் தொகையைப் போன வருடம் 5 லட்சமாக்கினோம். மருத்துவமனை கேஷ்லெஸ் கேட்டபோது, ‘உடல் பருமன் சிகிச்சை பாலிசியில் விலக்கு’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். கடன் வாங்கிச் செய்துவிடலாமா? அல்லது வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கடனுக்கு இப்போதே அலையாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை அத்தனையும் மருத்துவ ஆவணங்களில் இருந்தால், உங்கள் மனைவி அந்த விலக்குக்குள் வரவே மாட்டார். உங்களுக்கு வந்திருக்கும் பதில், விதியின் முதல் பாதியை மட்டும் வைத்து எழுதப்பட்ட பதில்.

உங்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்து, விலக்குகள் பகுதியில் ‘கோட் எக்ஸ்க்ல் 06’ (Code-Excl06) என்று குறிப்பிட்ட பத்தியைத் தேடுங்கள். இந்த வாசகத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக்கொடுத்தது. 2020 அக்டோபர் முதல் பழைய பாலிசிகளுக்கும் இதுவே பொருந்தும். அந்தப் பத்தி உடல் பருமன் அறுவைச் சிகிச்சை மொத்தமும் விலக்கு என்று சொல்லவில்லை. கீழே உள்ள நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்யாத அறுவைச் சிகிச்சைதான் விலக்கு என்கிறது. நிறைவு செய்தால் பணம் தர வேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் அந்த வரி தலைகீழாக எழுதப்பட்டிருப்பதால், ‘ஒபிசிட்டி’ என்ற தலைப்பைப் பார்த்தவுடனேயே பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பாலிசிதாரர்கள் மட்டுமல்ல, மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் மேசையில் இருப்பவர்களும்தான்.

நிபந்தனைகள் நான்கு. டாக்டரின் ஆலோசனையின் பேரில் செய்ய வேண்டும். மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். நான்காவது, பி.எம்.ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கும் 40-க்கும் இடையில் இருந்தால், அறுவையில்லாத வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலனில்லாமல் போயிருக்க வேண்டும். கூடவே இந்த நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை.

உங்கள் மனைவியின் கணக்கைப் போடுவோம். 96 கிலோவை 1.58-இன் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ 38.5. மூன்று மருந்துக்கும் அடங்காமல் எச்.பி.ஏ.1.சி 9.1 என்பது எந்த டாக்டரின் கண்ணிலும் கட்டுக்குள் வராத சர்க்கரைதான். அப்படியிருக்க ஏன் மறுத்தார்கள்?

மருத்துவமனை அனுப்பிய ப்ரீ-ஆத் (கேஷ்லெஸுக்கு முன்அனுமதி கேட்கும்) படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இத்தகைய கோப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே காட்சி. நோய் என்ற கட்டத்தில் ‘மார்பிட் ஒபிசிட்டி (கடும் உடல் பருமன்), மூட்டுவலி’ என்று எழுதியிருப்பார்கள். மூட்டுவலி அந்த நான்கு நோய்களில் இல்லை. ரத்த அழுத்தம் இல்லை, கல்லீரல் கொழுப்பு இல்லை, பி.சி.ஓ.எஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இல்லை, குழந்தையின்மையும் இல்லை. நோயாளி முதலில் சொல்வது எது அவரை அதிகம் வாட்டுகிறதோ அதைத்தான். டாக்டரும் அதையே எழுதிவிடுகிறார். ஏழு வருடச் சர்க்கரை, பழைய நோய்கள் என்ற கட்டத்தில் ‘டி.எம் (சர்க்கரை நோய்) – ஆம்’ என்று ஒரு டிக் அடையாளமாக ஒதுங்கிக் கிடக்கும். மறுமுனையில் படிப்பவருக்கு அந்த டிக் போதாது. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்கும் இதே டிக்தானே?

ஆகவே உங்கள் முதல் வேலை, அறுவைச் சிகிச்சை நிபுணரிடமிருந்து லெட்டர்ஹெட்டில் ஒரு விரிவான கடிதம் வாங்குவது. அதில் மருத்துவமனையில் அளந்த உயரம், எடை, அளந்த தேதி, பி.எம்.ஐ எண் ஆகியவை இருக்க வேண்டும். சர்க்கரைக்கு எந்த மருந்து, எந்த அளவில், எவ்வளவு காலமாக என்பதும், கடந்த இரண்டு மூன்று வருட எச்.பி.ஏ.1.சி முடிவுகள் தேதியோடும் வேண்டும். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மருந்து என்று எடை குறைக்க எடுத்த முயற்சிகளும் அவற்றின் பலனும் வேண்டும். கடைசியாக, இந்த அறுவைச் சிகிச்சை எக்ஸ்க்ல் 06-இல் சொல்லப்பட்ட நிபந்தனைகளை எப்படி நிறைவு செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் ஒரு பத்தி. இவை எல்லாம் உண்மையாக, ஆதாரத்தோடு இருக்க வேண்டும். ஒரு கிலோ கூட்டி எழுதினாலும் அது மோசடி. க்ளெய்மோடு பாலிசியும் போய்விடும்.

‘அறுவையில்லாத முயற்சி’ என்பதில் கம்பெனிகள் அடிக்கடி முட்டுக்கட்டை போடுகின்றன. ‘ஆறு மாதம் மருத்துவ மேற்பார்வையில் டயட் இருந்த சான்று கொடுங்கள்’ என்று கேட்பார்கள். பொது வாசகத்தில் ஆறு மாதம் என்றோ மூன்று மாதம் என்றோ எந்தக் கால அளவும் கிடையாது. இப்படிக் கால அளவு கேட்பது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பழக்கம். அங்கேயே எடைக்குறைப்பு அறுவை நிபுணர்களின் சங்கமான ஏ.எஸ்.எம்.பி.எஸ், இப்படிக் கட்டாய டயட் காலம் விதிப்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. உங்களிடம் கேட்டால், ‘பாலிசியின் எந்தப் பிரிவில் இந்தக் கால அளவு இருக்கிறது?’ என்று எழுத்தில் கேளுங்கள். டயட்டீஷியன் கொடுத்த பழைய சார்ட், டாக்டர் சீட்டில் ‘எடை குறைக்கவும்’ என்று எழுதிய தேதி, ஜிம் ரசீது எல்லாம் சான்றுதான். தேடி எடுத்து வையுங்கள்.

குறட்டையை லேசாக விடாதீர்கள். ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்லுங்கள். தூக்கத்தில் மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைபட்டால் அது கடுமையான ஸ்லீப் ஆப்னியா. இருப்பது தெரிந்தால் க்ளெய்முக்கு இரண்டாவது தகுதி கிடைக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இந்தச் சோதனைகளை இன்ஷூரன்ஸுக்கான சடங்காக நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்த பிறகு உயிரிழந்தது நினைவிருக்கும். முழுப் பரிசோதனையும், தீவிர சிகிச்சை வசதியும் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அறுவைக்கு முன் கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் திரவ உணவில் இருக்கச் சொல்வார்கள். சர்க்கரையையும் இறுக்கிக் குறைப்பார்கள். அட்மிஷன் அன்று எடையும் சர்க்கரையும் முன்பைவிடக் குறைவாகக் காட்டும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தகுதி இல்லை என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அறுவை தேவை என்று டாக்டர் முடிவு செய்த நாளின் எடையும் சர்க்கரையும் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். உங்கள் மனைவி 35-ஐ விட நன்கு மேலே இருப்பதால் எடையில் ஆபத்தில்லை. 35-ஐ ஒட்டி ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது பெரிய அடி.

ஓரத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த 35, 40 என்ற எண்கள் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு வகுத்தவை. நம் உடல்வாகு வேறு. குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, இளம் வயதிலேயே சர்க்கரை வருகிறது. அதனால்தான் இந்தியாவில் பி.எம்.ஐ 25-ஐயே பருமன் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 2022-இல் ஏ.எஸ்.எம்.பி.எஸ் சங்கமும், சர்வதேச அமைப்பான இஃப்சோவும் சேர்ந்து 1991 அளவுகோலைக் கைவிட்டன. பி.எம்.ஐ 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. நம் பாலிசிகளின் பொது வாசகம் மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. 150 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஒரு பெண் இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்காமல் தவிக்கலாம். அவருடைய பி.எம்.ஐ 34.7, க்ளெய்ம் கிடையாது. இன்னும் ஒரு கிலோ ஏறினால் கிடைக்கும்! ஒருவரை இன்னும் நோயாளியாகிவிட்டு வா என்று சொல்லும் விதி இது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ இதைத் திருத்த வேண்டும். அதுவரை, ‘கொஞ்சம் எடை போட்டுட்டு வாங்க’ என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம்) 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். அதற்கு முன் 48 மாதம். நான்கு வருடம் தாண்டிவிட்டதால் எந்தக் கணக்கிலும் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள். ஆனால் போன வருடம் கூட்டிய 2 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கியிருக்கும். எனவே இந்தச் சிகிச்சைக்கு 3 லட்சத்தை மட்டுமே நம்புங்கள், மீதிக்கு வழி பாருங்கள். பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) சிகிச்சைக்கென்று தனி உச்சவரம்போ தனிக் காத்திருப்போ வைத்த பாலிசிகளும் உண்டு. அட்டவணைப் பக்கத்தில் அதையும் பார்த்துவிடுங்கள்.

கூடவே, பாலிசி எடுத்தபோது கொடுத்த ப்ரொபோசல் படிவத்தின் நகலையும் பாருங்கள். சர்க்கரையைச் சொன்னீர்கள், நல்லது. எடை என்ற கட்டத்தில் ஏஜென்ட் என்ன எழுதினார்? பிரீமியம் கூடிவிடும் என்று 95-ஐ 70 ஆக்கிவிடும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். தகவலை மறைத்ததாகச் சொல்லி மறுக்க அது ஒன்று போதும். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. நீங்கள் அந்த 60 மாதத்தைத் தொட்டுவிட்டீர்களா என்று தேதியைச் சரிபாருங்கள்.

கேஷ்லெஸ் மறுப்பு க்ளெய்ம் மறுப்பு ஆகாது. புதிய கடிதத்தோடு மருத்துவமனை மீண்டும் ப்ரீ-ஆத் அனுப்பலாம். 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். க்ளெய்மை நிராகரிப்பதானால் நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும். எந்தப் பிரிவின்படி மறுப்பு என்று காரணத்தையும் எழுத வேண்டும். உங்களுக்கு வந்த ஒற்றை வரி இந்தத் தரத்தில் இல்லை. எக்ஸ்க்ல் 06-இன் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று குறிப்பிட்டுக் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதையே ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியுங்கள். போனில் பேசுவதை நம்பி இருக்க வேண்டாம். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தீர்ப்பு திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் புகாரை எடுக்கமாட்டார், எனவே வரிசை மாற வேண்டாம்.

டாக்டர் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று சொன்னால், சொந்தப் பணத்தில் செய்துகொண்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் வழி இருக்கிறது. சேர்க்கும் முன் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் எத்தனை நாளில் பில் அனுப்ப வேண்டும் என்று பாலிசியில் பார்த்து, அதற்குள் அசல் பில்களை அனுப்பிவிடுங்கள். செலவுக் கணக்கில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது. தளர்ந்த தோலை நீக்கும் அறுவையையும் அழகு சிகிச்சை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

வேறு கம்பெனிக்கு மாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். போர்ட் செய்ய, புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் காத்திருந்த வருடங்கள் கூடவே வரும் என்றாலும், புதிய நிறுவனம் உங்கள் மனைவியின் பி.எம்.ஐ-யையும் சர்க்கரையையும் பார்த்து விண்ணப்பத்தையே ஏற்காமல் போகலாம். காத்திருப்பெல்லாம் முடித்துவிட்ட பாலிசி கையில் இருக்கிறது. முதலில் அதில் க்ளெய்மை வாங்குங்கள், இடையில் ஒரு பிரீமியம்கூடத் தவறவிடாதீர்கள்.