அவிநாசியில் எதிரெதிராக இரண்டு வீடுகள்

கேள்வி: என் தம்பி போன ஆடியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். விசைத்தறிக் கடன்தான் காரணம். அப்படிப் போனவர்களுக்கு மோட்சம் இல்லை, ஆவியாக அலைவார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். ஆன்மிகம் என்ன சொல்கிறது? கோயிலுக்குப் போகவே பிடிக்கவில்லை. எனக்கும் சில நாள், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பல்லடம்

பதில்: அம்மிணி, உங்கள் கடிதத்தில் கடைசி வரி மட்டும் பொடி எழுத்தில், ஒருமுறை அடித்து, மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஆனால் ஊர்ப்பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கு வருகிறேன்.

தற்கொலையைக் கடிந்து சொல்லும் இடங்கள் சாத்திரங்களில் உண்டு. அவை உயிரோடு இருப்பவனைக் கைப்பிடித்து நிறுத்தச் சொன்னவை. அவற்றை எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிக்கிறவர்களுக்கு ஆன்மிகம் பேச அருகதை இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்கூட, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் சாமிக்கு இருக்காதா?

கடன் பெரிய சுமைதான். ஆனால் சோமனூரிலும் பல்லடத்திலும் கடனில்லாத தறிக்காரர் எத்தனை பேர்? மனம் நொந்து, வேறு வழி எதுவும் கண்ணில் படாத நிலைக்கு உங்கள் தம்பி போயிருக்க வேண்டும். அது வைத்தியம் பார்க்க வேண்டிய வேதனை. அதைப் பாவக்கணக்கில் எழுதாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே அவிநாசி இருக்கிறது. சுந்தரர் அந்த ஊர் வீதியில் வந்தபோது ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர் வீட்டில் அழுகை. சில வருஷம் முன்பு ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் குளிக்கப் போய், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்குத்தான் அன்று பூணூல். மேளச் சத்தத்தில் அழுகை கேட்காதவர்போலச் சுந்தரர் போய்விடவில்லை. என்ன ஏது என்று விசாரித்தார். பெற்றவர்கள் துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து கும்பிட்டார்கள். (நம் ஜனங்களுக்கு அன்றிலிருந்தே இந்தப் பழக்கம்.) முன்வினை என்று அவர்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே குளக்கரைக்குப் போய், பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லி இறைவனிடம் பாடினார்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்தான். உங்கள் தம்பி வர மாட்டான். அந்த ஆறுதலை என்னால் தர முடியாது. ஆனால் அழுகிற வீட்டின் முன் ஒரு அடியார் எப்படி நின்றார் என்று பாருங்கள். ஆன்மிகம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

கோயில் பிடிக்கவில்லையா, போக வேண்டாம். அதே சுந்தரர் பார்வை போனபோது, கண்ணைத் தராவிட்டால் 'வாழ்ந்து போதீரே' என்று, நீரே நன்றாக இரும் என்பதுபோல, சாமியிடம் சண்டை பிடித்தார். நீங்களும் பிடியுங்கள். சண்டை போடுவதற்காவது இருங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. சிரித்த முகத்தோடு வாசலுக்கு வராதீர்கள். இன்று இரவே, வீட்டில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த எண்ணம் அழுத்தும்போது தனியாக இருக்காதீர்கள். 14416 அல்லது 104, இரண்டும் அரசின் உதவி எண்கள், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். காய்ச்சலுக்குப் போவதுபோலப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் தம்பியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எப்படிப் போனான் என்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எப்படி இருந்தான், எதற்குச் சிரிப்பான், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று அவன் பெயரோடு எழுதி அனுப்புங்கள். அச்சில் போட மாட்டேன். படித்துவிட்டு, என் கையாலேயே பதில் எழுதுகிறேன்.